மூக்கில் புழு, சுவருக்குள் எலி: ஒரு ஐ.சி.யூ. நிகழ்வு ஆய்வு

1998-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், கான்சாஸ் சிட்டியிலுள்ள முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையில் நடந்தது இது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் படுத்திருந்த இரண்டு நோயாளிகளின் மூக்குக்குள் புழு இருந்தது. தெருவோரத்திலிருந்து தூக்கி வந்து சேர்த்தவர்களிடம் புழு இருந்தால் யாரும் பெரிதாக அதிர்ச்சி அடைவதில்லை. புண்ணோடு வந்தார், புழுவோடு வந்தார் என்று எழுதிவிட்டுச் சுத்தம் செய்வார்கள். இவர்கள் அப்படி வந்தவர்கள் அல்ல. மானிட்டர், வென்டிலேட்டர், சுற்றிலும் நர்ஸ்கள் என்று இருக்கும் இடத்தில், ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஈ வந்து உட்கார்ந்து முட்டையிட்டிருக்கிறது.

மருத்துவர்களும் பூச்சியியல் வல்லுநரும் சேர்ந்து இதை ஆராய்ந்து எழுதியது 2002-ல் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் வந்தது. மூக்கில் புழு பற்றி இந்திய மருத்துவ இதழ்களிலும் ஏராளமான கட்டுரைகள் உண்டு. பெரும்பாலானவை எத்தனை புழு எடுத்தோம், என்ன மருந்து ஊற்றினோம், நோயாளி எப்போது வீட்டுக்குப் போனார் என்பதோடு முடிந்துவிடும். கான்சாஸ் சிட்டி ஆய்வு அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்டது: அந்த ஈ எங்கே பிறந்தது? தொற்றுத் தடுப்பு வேலையில் இருப்பவர்களுக்கு நான் இந்த நிகழ்வை விரிவாகச் சொல்வது அந்தக் கேள்விக்காகத்தான்.

புழுவின் வயது

ஆஸ்பத்திரியில் புழு கண்டதும் முதலில் தீர்க்க வேண்டியது, அது ஆஸ்பத்திரிக்குள் இருக்கும்போது வந்ததா, நோயாளியோடு வெளியிலிருந்தே வந்ததா என்பது. வாய்ச்சண்டை போட்டு இதைத் தீர்க்க முடியாது. புழுவிடமே கேட்க வேண்டும்.

கான்சாஸ் சிட்டியில் கிடைத்தது லூசிலியா செரிகேட்டா. உலோகப் பளபளப்போடு இருக்கும் பச்சை ஈ. மீன் மார்க்கெட்டிலும் செத்த பிராணி கிடக்கும் இடத்திலும் நாம் பார்க்கும் பச்சை ஈக்களின் வகையறா. தாய் ஈ ஒரே தடவையில் நூற்றைம்பது, இருநூறு முட்டைகளைக் கொத்தாக ஒட்டிவைத்துவிடும். வெளிர் மஞ்சளாக, ஒரு மில்லிமீட்டர் நீளத்தில், பார்க்க ரவை சிந்தியது போலத்தான் இருக்கும். மூக்கோரத்திலோ டிரெசிங் விளிம்பிலோ அதைப் பார்த்து, ட்யூப் வழியாகக் கொடுக்கும் திரவ உணவு (ட்யூப் ஃபீட்) சிந்திக் காய்ந்தது என்று நினைத்து விட்டுவிட வாய்ப்பு அதிகம். அந்தக் கட்டத்திலேயே ஈரப்பஞ்சால் துடைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஏறக்குறைய 27 டிகிரி செல்சியஸில் அந்த முட்டை பொரிய சுமார் 18 மணி நேரம். பிறகு புழு இரண்டு தடவை தோலுரித்து மூன்றாம் பருவத்துக்கு வரும். தின்று முடித்து முழு வளர்ச்சி அடைய இன்னும் மூன்று நாள். அதன்பின் தின்பதை நிறுத்திவிட்டு, காய்ந்த மறைவிடம் தேடி ஊர்ந்து போகும். இதற்கு மூன்று நான்கு நாள். கூட்டுப்புழுவாக ஒரு வாரம். முட்டையிலிருந்து ஈ வரை ஏறத்தாழ இரண்டு வாரம். ஏ.சி. குளிரில் இது நீளும், மனித உடல் சூட்டில் சுருங்கும். அதனால் மணிக்கணக்கில் துல்லியம் எதிர்பார்க்கக்கூடாது. ஆனாலும் பத்து நாளாக ஐ.சி.யூ.வில் இருப்பவரின் மூக்கில் மூன்று நாள் வயதுப் புழு இருந்தால் பதில் தெளிவு. நேற்று மாலை சேர்ந்தவரின் புண்ணில் முழு வளர்ச்சி அடைந்த மூன்றாம் பருவப் புழு இருந்தால் அதுவும் தெளிவு, அது வீட்டிலிருந்தே வந்தது.

வயது எப்படித் தெரியும்? புழுவின் பின்முனையைப் பார்க்க வேண்டும். ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தால் மழுங்கிய அந்த முனையில் பழுப்பு நிறத்தில் இரண்டு வட்டத் தகடுகள் தெரியும். அவைதான் அது மூச்சுவிடும் துளைகள். தகட்டில் இரண்டு கீறல் இருந்தால் இரண்டாம் பருவம், மூன்று இருந்தால் மூன்றாம் பருவம். அந்தக் கீறல்கள் நேராக இருக்கின்றனவா நெளிந்திருக்கின்றனவா, சுற்றியுள்ள வளையம் முழுசாக மூடியிருக்கிறதா ஓரிடத்தில் விட்டிருக்கிறதா என்பதை வைத்து எந்த ஈ என்றும் சொல்லலாம். லூசிலியாவுக்கு நேர்க்கீறல், மூடிய வளையம். வீட்டு ஈக்கு நெளிந்த கீறல். சார்கோபாகா என்ற சதை ஈக்கு வளையம் திறந்திருக்கும், தகடுகள் ஒரு குழிக்குள் அமுங்கியிருக்கும். இந்தச் சதை ஈ முட்டையிடாமல் நேராக உயிருள்ள புழுவையே விட்டுவிட்டுப் போகும். அதன் கணக்கில் முட்டை பொரியும் நேரத்தைக் கழித்துவிட வேண்டும்.

இங்கே ஒரு சின்னப் புலம்பல். வார்டிலிருந்து மைக்ரோபயாலஜிக்கு வரும் புழு பெரும்பாலும் பயாப்சிக்கு வைத்திருக்கும் ஃபார்மலின் பாட்டிலில்தான் வரும். ஃபார்மலினில் அது விறைத்துச் சுருங்கிக் கறுத்துவிடும், தகட்டில் ஒன்றும் தெரியாது. கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழான வெந்நீரில் அரை நிமிடம் போட்டு, நீண்டதும் எடுத்து, 70 அல்லது 80 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். இரண்டு மூன்றை மட்டும் உயிரோடு, ஒரு துண்டு ஈரலோடு, மூடியில் துணி கட்டிய டப்பாவில் அனுப்பினால் இன்னும் நல்லது. இரண்டு வாரத்தில் ஈயாகவே வெளிவந்து தன் பெயரைச் சொல்லிவிடும்.

எலியிலிருந்து மூக்குக்கு

இனி கான்சாஸ் சிட்டியின் மையப் பகுதி. பச்சை ஈ என்று தெரிந்ததும் விசாரணை நோயாளியின் படுக்கையை விட்டு நகர்ந்தது. லூசிலியா முதன்மையாகச் செத்த பிராணியில் வளரும் ஈ. ஒரு வார்டுக்குள் அது அடிக்கடி தென்படுகிறது என்றால், பக்கத்தில் எங்கேயோ ஏதோ செத்துக் கிடக்கிறது.

செத்துக் கிடந்தவை சுண்டெலிகள். ஒன்றிரண்டு அல்ல, மருத்துவமனை முழுவதும் எலித் தொல்லை. அதன் தொடக்கத்தைத் தேடிப்போனால் கேன்டீனின் உணவுச் சேமிப்பு அறையில் போய் நின்றது. எலியை ஒழிக்க விஷ உணவு வைத்தார்கள். எலிகள் தின்றன, செத்தன. ஆனால் செத்த இடம் யார் கண்ணிலும் படும் இடமாக இல்லை. கட்டடம் நெடுக ஆங்காங்கே கிடந்த உடல்கள் பச்சை ஈக்குப் பெரிய வளர்ப்புப் பண்ணை ஆகிவிட்டன. அங்கே பிறந்த ஈக்களில் ஒன்றிரண்டு ஐ.சி.யூ. வரை வந்து, தன்னை விரட்டக் கை தூக்காத இரண்டு பேரைக் கண்டுபிடித்தன.

இந்த வரிசையில் யாருமே வேண்டுமென்று தப்புச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். எலி இருந்தது, மருந்து வைத்தார்கள். மருந்து வேலை செய்தது. எலி குறைந்தது என்று அந்தப் பிரிவு நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டிருக்கும். சில வாரம் கழித்து வேறொரு மாடியில், வேறொரு பிரிவில், ஒருவர் மூக்கில் புழு. இரண்டையும் ஒரே கோப்பில் வைத்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

பொதுவாக எலி விஷத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் கடைகளில் கேக் வடிவில் கிடைக்கும் புரோமாடியோலோன் போன்றவை ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை. தின்ற எலி அங்கேயே விழாது. மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை நடமாடிவிட்டு, தன் வளைக்குள் போய்ச் செத்துவிடும். எலி வெளியே தண்ணீர் தேடிப் போய்ச் சாகும் என்று கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். அது ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலும், கேபிள் போகும் ஷாஃப்ட்டிலும், ஆக்சிஜன் குழாய் நுழையும் சுவர் ஓட்டையிலும் சாகும். நாற்றம் வந்தால் பினாயில் தெளிப்போம். ஏ.சி. ஓடும் இடத்தில் ஒரு சுண்டெலியின் நாற்றம் நமக்குத் தெரியாமலேயே போகும், ஈக்குத் தெரிந்துவிடும். அந்த ஒரு சுண்டெலியில் டஜன் கணக்கில் ஈக்கள் வளர்ந்துவிடும்.

நாள் கணக்குப் போட்டுப் பாருங்கள். மருந்து வைத்த நாளிலிருந்து எலி சாக ஒரு வாரம். அதில் முட்டையிட்டு ஈயாக இரண்டு வாரம். புதிதாய்ப் பிறந்த பெண் ஈ புரதம் தின்று, சினை முற்றி, முட்டையிடத் தயாராக இன்னும் சில நாள். ஆக மருந்து வைத்து மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் நோயாளியின் மூக்கில் முட்டை விழும். எலி மருந்து வைத்த குத்தகைக்காரர் பில் வாங்கிக்கொண்டு போய் ஒரு மாதம் ஆகியிருக்கும். அதனால்தான் காரணமும் விளைவும் சேர்ந்து கண்ணில் படுவதே இல்லை.

இன்னொரு தடயமும் உண்டு. பச்சை ஈ பகலில் திரியும், வெளிச்சத்தை நோக்கிப் போகும். சுவருக்குள்ளிருந்து வெளிவந்தவை நேராக ஜன்னல் கண்ணாடிக்குப் போய் மோதும். மூடிய ஜன்னலின் உட்பக்கக் கட்டையில் பச்சை ஈக்கள் செத்துக் கிடந்தால், அவை வெளியிலிருந்து வந்தவையாக இல்லாமல் உள்ளேயே பிறந்தவையாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். பெருக்கித் தள்ளும் தூய்மைப் பணியாளருக்குத்தான் இது முதலில் தெரியும். அவரிடம் யாரும் கேட்பதில்லை.

ஏன் மூக்கு, ஏன் அவர்கள்

விழித்திருக்கும் மனிதர் முகத்தில் ஈ உட்கார்ந்தால் கை தானாகப் போகும், மூக்கு நுனி அசையும், தும்மல் வரும். ஆழ்ந்த மயக்கத்தில் இவை எதுவும் இல்லை. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் ட்யூப், அதைச் சுற்றிப் பசை நாடா, காய்ந்த ரத்தம், சளி, சொட்டிய ஃபீட். ஈரமும் இருட்டும் புரதமும் ஒரே இடத்தில். காதில் சீழ் இருந்தால் காது, ட்ரக்கியாஸ்டமி (மூச்சுவிடக் கழுத்தில் போட்ட துளை) இருந்தால் அதன் நாடாவுக்கு அடியில், படுக்கைப் புண் இருந்தால் புண், டயப்பர் மாற்றத் தாமதமானால் பிறப்புறுப்பு. திறந்தே இருக்கும் வாயும் விதிவிலக்கல்ல.

லூசிலியா செரிகேட்டா பெரும்பாலும் அழுகிய திசுவையே தின்னும், அதனால் நோயாளிக்கு நேரடிச் சேதம் பொதுவாகக் குறைவு. முதல் உலகப் போரில் புழு வைத்த காயத்தோடு வந்த வீரர்கள் நன்றாக இருந்ததைக் கவனித்த அமெரிக்க எலும்பு மருத்துவர் வில்லியம் பேயர், பிறகு 1920-களின் கடைசியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் புழுவைக் கொண்டே எலும்புச் சீழுக்குச் சிகிச்சை செய்தார். கிருமி நீக்கிய முட்டையிலிருந்து வளர்த்த இதே இனப் புழுவைப் புண்ணில் வைத்துக் கட்ட அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2004-ல் அனுமதியும் கொடுத்தது. அதற்காக, தானாக வந்து புகுந்த புழுவை யாரும் நல்லது என்று விட்டுவிட முடியாது. அது செத்த எலி மேல் நடந்துவிட்டு வந்த ஈயின் பிள்ளை.

நம் வார்டுகளில் கதை வேறு

இந்தக் கான்சாஸ் சிட்டி விடையை அப்படியே எடுத்து நம் ஆஸ்பத்திரியில் ஒட்டிவிடக் கூடாது. நம்மிடம் கிரைசோமியா பெசியானா என்ற ஈ இருக்கிறது. இதன் குணமே வேறு. உயிருள்ள பாலூட்டியின் சதையில் மட்டுமே இதன் புழு வளரும், செத்த எலியில் வளராது. உயிர்த் திசுவைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். மூக்கின் உட்சுவர், அண்ணம், சைனஸ், கண்குழி வரை தின்றுவிடும். மூக்கு உள்ளே காய்ந்து பொருக்குத் தட்டி நாறும் நோய் உள்ளவர்கள், முற்றிய தொழுநோயால் முகத்தில் உணர்ச்சி இழந்தவர்கள், வெடித்த வாய்ப்புற்று உள்ளவர்கள் ஆகியோரிடம் இதைப் பார்க்கிறோம்.

அதனால் புழு எந்த இனம் என்பது வெறும் பெயர்ச் சடங்கு இல்லை. விசாரணை எந்தத் திசையில் போக வேண்டும் என்பதையே அதுதான் சொல்கிறது. லூசிலியாவோ, செத்த பிராணியில் வளரும் இன்னொரு ஈயான கிரைசோமியா மெகாசெபாலாவோ என்றால் செத்த பிராணியையும், மூடாத கழிவையும், பிணவறைப் பின்பக்கத்தையும் தேடுங்கள். பெசியானா என்றால் வளாகத்தில் புண்ணோடு திரியும் நாயையும், மதில் ஓரம் மேயும் மாட்டையும் பாருங்கள். கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டிய வேலை அது. வீட்டு ஈ என்றால் குப்பையும் கழிவறையும். மெகாசீலியா ஸ்கலாரிஸ் என்ற கூன்முதுகுச் சிற்றீ என்றால் சாக்கடை வடிகாலையும் தரை ஓட்டையையும் தோண்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பதிலாக வார்டு முழுக்க மருந்து அடிப்பது, ஒன்றும் செய்யாததற்குச் சமம். அதுவும் வென்டிலேட்டரில் ஆள் இருக்கும்போது அடிப்பது பெரிய தப்பு.

அப்புறம் ஜன்னல். கான்சாஸ் சிட்டியில் ஈ உள்ளே பிறந்தது ஒரு புதிராக இருந்தது. நம் பொது வார்டில் ஜன்னலே திறந்துதான் இருக்கும், வலை கிழிந்திருக்கும், அட்டெண்டர் சாப்பிட்ட பொட்டலம் கட்டிலுக்கு அடியில் இருக்கும். எனவே உள்ளே பிறந்ததா வெளியே பிறந்ததா என்ற கேள்விக்கு இங்கே அவ்வளவு சுலபமாகப் பதில் கிடைக்காது. ஆனால் நம் புதுக் கட்டடங்களின் ஏ.சி. ஐ.சி.யூ.க்கள் கான்சாஸ் சிட்டியைப் போலவேதான்: ஃபால்ஸ் சீலிங், ஷாஃப்ட், கீழ்த்தளத்தில் கேன்டீன். கூடவே நமக்குப் பெருச்சாளி வேறு.

கண்டால் என்ன செய்வது

எடுப்பதுதான் சிகிச்சை. நல்ல வெளிச்சம், சக்‌ஷன், ஃபோர்செப்ஸ், முடிந்தால் எண்டோஸ்கோப். ஈ.என்.டி. டாக்டர் பார்த்து, சைனஸ் வரை போயிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் சி.டி. எடுக்க வேண்டும். ஒரே தடவையில் எல்லாம் வந்துவிடாது, மறுநாளும் அடுத்த நாளும் திரும்பப் பார்க்க வேண்டும்.

டர்பன்டைன் எண்ணெய் ஊற்றுவது நம் ஊரில் பழைய வழக்கம். காலில் உள்ள புண்ணுக்குச் சரி, மூச்சுத் திணறிய புழு மேலே வரும். மயக்கத்தில் இருப்பவர் மூக்கில் ஊற்றுவதை நான் ஏற்க மாட்டேன். ஊற்றியது தொண்டை வழியாக நுரையீரலுக்குள் இறங்கினால் புழுவை விடப் பெரிய ஆபத்து. மூச்சுக்குழாயை அடைத்து நிற்கும் கஃப் (காற்றுப் பை) ஊதிய ட்யூப் இருந்து, தொண்டையில் பேக் (துணித் திணிப்பு) வைத்து, ஈ.என்.டி. டாக்டரே செய்தால் அது வேறு விஷயம். கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் ஐவர்மெக்டின் ட்யூப் வழியாகக் கொடுப்பவர்கள் உண்டு. அது எடுப்பதற்குத் துணைதான். உள்ளே செத்த புழுவை வெளியே எடுக்காவிட்டால் அதுவே சீழ் பிடிக்கும்.

குடும்பத்தாரிடம் அன்றைக்கே, சீனியர் டாக்டர் ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அட்டெண்டர் ஃபோனில் வீடியோ எடுத்த பிறகு சொல்வது சொல்வதாகாது. "அம்மா, உங்க வீட்டுக்காரர் மூக்குல ஈ முட்டை போட்டிருக்கு, எடுத்துட்டோம், நாளைக்கும் பார்ப்போம், இது எங்க பொறுப்புல நடந்தது" என்று நேராகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

மெமோ யாருக்கு

புழு கண்ட மறுநாள் வழக்கமாக நடப்பது, அன்றைய டூட்டி ஸ்டாஃப் நர்ஸுக்கு மெமோ. மூக்கையும் வாயையும் ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் துடைத்திருக்க வேண்டும், ட்ரக்கியாஸ்டமி நாடாவை மாற்றியிருக்க வேண்டும். உண்மைதான், முட்டையாக இருக்கும்போதே பிடிக்க அதுதான் வழி. ஆனால் கான்சாஸ் சிட்டி சங்கிலியில் நர்ஸ் வருவது கடைசிக் கண்ணியில். அதற்கு முன் கேன்டீன் அறை, விஷம் வைத்தது, உடலைத் தேடாதது, ஈயைப் பார்த்தும் யாரிடமும் சொல்லாதது என்று நான்கு கண்ணி இருக்கின்றன. அந்த நான்குக்கும் மெமோ போவதில்லை.

கட்டடத்துக்குள் எலிக்கு விஷம் வேண்டாம், பொறி வையுங்கள் என்பதே என் கட்சி. பொறியில் பிடிபட்ட எலி கையில் இருக்கிறது. எத்தனை என்று எண்ணலாம், அன்றே அப்புறப்படுத்தலாம். பொறியைத் தினமும் பார்க்க ஆள் வேண்டும், அதுதான் செலவு. விஷம் கட்டடத்துக்கு வெளியே, பெட்டிக்குள் இருக்கட்டும். ஆறு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் சுண்டெலி நுழைந்துவிடும், ஆகவே குழாய் ஓட்டைகளை அடைக்காமல் வைக்கும் பொறி தீராத வேலையாகிவிடும். நீல விளக்கு ஈப்பொறி வைப்பதானால் ஒட்டும் அட்டை உள்ளதாக வாங்குங்கள். ஈயை மின்சாரத்தில் பொரித்துத் தெறிக்கவிடும் வகையை நோயாளிக்கோ டிரெசிங் ட்ராலிக்கோ மேலே மாட்டாதீர்கள்.

விதிகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. 2016-ன் மருத்துவக் கழிவு விதிகள் சிகிச்சை செய்யாத மஞ்சள் பை வகைக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்கின்றன. ஈ அந்த நேரத்தில் முட்டை பொரித்துவிடும், ஆனால் இரண்டு வாரச் சுழற்சியை முடிக்க முடியாது. பை போய்விட்டால் புழுவும் போய்விடும். மருத்துவமனைத் தூய்மைக்கான மத்திய அரசின் காயகல்ப் மதிப்பீட்டில் பூச்சி, விலங்குக் கட்டுப்பாடு தனியாகவே மதிப்பெண் பெறும் அம்சம். ஆனால் எலி ஒழிப்பு ஒப்பந்தச் சான்றிதழ் கோப்பில் இருந்தால் அந்த மதிப்பெண் கிடைத்துவிடும் அபாயமும் இருக்கிறது. சான்றிதழில் மருந்து வைத்த தேதி இருக்கும், எத்தனை உடல் எடுத்தார்கள் என்பது இருக்காது.

அதனால் புழு நிகழ்வு அறிக்கைப் படிவத்தில் ஒரு பகுதி சேர்க்கச் சொல்வேன்: கடந்த ஆறு வாரத்தில் இந்தக் கட்டடத்தில் எலி மருந்து வைத்தார்களா, எந்த மாடியில், என்ன மருந்து, எத்தனை செத்த எலி கைக்கு வந்தது, ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்து பார்த்தது யார். இந்தப் பகுதியை நிரப்பிக் கையெழுத்திட வேண்டியவர் ஸ்டாஃப் நர்ஸ் அல்ல. தனியார் மருத்துவமனையில் பராமரிப்புப் பிரிவு மேலாளர், அரசு மருத்துவமனையில் பொதுப்பணித் துறைப் பொறியாளர்.